பெல்லோரின் அரசனின் கடைசிக் காட்சி

லண்டனிலிருந்து கப்பலேறி வந்த மரத்துண்டு, பாளையங்கோட்டைக் கல்லூரி ஆய்வகத்தில் கட்டிலோரம் சாய்ந்திருந்தது. நானூறு ஆண்டுக்கு முந்தைய, எலிசபெத் அரசி காலத்து நாடக அரங்கின் தூண். தன் முன்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவைத்திருந்தது. மரத்துக்குக் காது உண்டு என்று கண்டுபிடித்த பிறகு, பழைய கதவுகளின் பக்கத்தில் நின்று யாரும் வம்பு பேசுவதில்லை.

செவ்வந்தி படுத்தபடியே மரச்செவியைத் தலையில் மாட்டிக்கொண்டாள். அந்தக் கருவி ஆளை அரைத்தூக்கத்தில் மிதக்கவிடும். அந்த மிதப்பில்தான் மரம் பேசுவது கேட்கும். அதுவும் ஒருமுறைதான். சொல்லி முடித்ததை மரம் அத்தோடு மறந்துவிடும்.

"அஞ்சு வருஷ உழைப்பும்மா. கோட்டை விட்டுராத," என்றார் அவளுடைய ஆய்வு நெறியாளர் ஞானராஜ்.

பெல்லோரின், பிரிட்டனை ஆண்டதாக யாரோ கட்டிவிட்ட அரசன். அவனைப் பற்றிய நாடகமும் தொலைந்துபோயிருந்தது. இல்லாத அரசன், இல்லாத நாடகத்தின் கடைசிக் காட்சியில், துரோகம் செய்த தம்பியை மன்னித்தான் என்பது செவ்வந்தியின் ஆய்வு. மன்னித்திருக்காவிட்டால் முனைவர் பட்டம் இல்லை.

முதலில் மழை கேட்டது. பிறகு, நனைந்த கூட்டத்தின் முணுமுணுப்பு. யாரோ கொட்டை உடைத்துத் தின்றார்கள். எக்காளம் முழங்க, பெல்லோரினின் குரல் ஆற்றுப்பனி போல வந்து அவள்மேல் படிந்தது. தம்பி காட்டுக்குள் ஓடினான். ஒரு ராணி வெகுநேரம் அழுதாள், மழையும் அவளும் ஒன்றாகும்வரை. கடைசியாக முரசு. தம்பி மண்டியிட்டான்.

அன்று மதியம் விடுதியில் விசேஷச் சாப்பாடு. செவ்வந்தி சாம்பாரைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியிருந்தாள். அரைத்தூக்கம் முழுத்தூக்கமாயிற்று.

"மன்னிச்சானா?" என்று உலுக்கி எழுப்பினார் ஞானராஜ்.

"தெரியல சார். தூங்கிட்டேன்."

அவர் மரச்செவியைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டு படுத்தார். மிச்சம் மீதி ஏதாவது ஒட்டியிருக்காதா என்ற நப்பாசை. சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார், கண்களில் நீர்.

"மன்னிச்சுட்டாம்மா! அதுவும் தமிழ்ல! 'மன்னிச்சுட்டேன் தம்பி... இன்னொரு கரண்டி சாம்பார்'ங்கான்!"

"சார், அது நான்! தூக்கத்துல உளறுவேன். ரூம்ல எல்லாருக்கும் தெரியும். மரம் இப்பவும் கேட்டுட்டுத்தானே இருக்கு?"

"நீதான் தூங்கிட்டு இருந்தியே. நீ பேசுனது உனக்கு எப்படித் தெரியும்?"

"அரசன் குரல் பொம்பளக் குரலாவா சார் இருக்கும்?"

"அந்தக் காலத்து அரங்கத்துல ராணி வேஷமே பையங்கதான் போட்டாங்க. குரலுக்கு என்னம்மா ஆணு, பொண்ணு?" என்றவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மரம் பொய் சொல்லாது."

பட்டம் கிடைத்தது. எலிசபெத் காலத்து லண்டனில் தமிழர் என்று மாநாடு நடந்தது. சாம்பார் அப்போது இருந்ததா என்று கேட்டவருக்கு மேடை மறுக்கப்பட்டது.

லண்டனில் புது மரத்தில் அதே அரங்கை எழுப்பி, அந்த நாடகத்தை மீண்டும் நடத்தினார்கள். செவ்வந்திக்கு முன்வரிசை. கடைசிக் காட்சியில் வெள்ளைக்கார பெல்லோரின் தம்பியைத் தூக்கி அணைத்து, உயர்த்திய கரண்டியோடு, பாடுபட்டுத் தமிழ் பேசினான். அரங்கம் விம்மியது.

அவள் குனிந்து, இருக்கையின் மரக்கைப்பிடியில் உதடு பட, "அது நான்தான்" என்றாள்.

இனி நானூறு ஆண்டு பொறுத்தால் போதும். கேட்பவர் மட்டும் அன்று மதியம் குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும்.