வாசனை உள்ள பொருள்கள்

வனத்துறை ரேஞ்சர் அலுவலகத்து மேசையில் கரடி டப்பாவை உருட்டிக் காட்டினார் டெல்லா. அறுபதை நெருங்கும் பெண். அவர் தொப்பி ஈரமாக இருந்தது. இந்தக் கடற்கரையில் எல்லாமே ஈரம்தான்.

“பேருதான் கரடி டப்பா, கரடியால திறக்க முடியாதுன்னு. உண்மையில ரக்கூனுக்குத்தான் பயப்படணும், பூனை அளவு திருட்டுப் பிராணி. கூடாரத்து ஜிப்பைத் திறந்து உள்ள வரும். இருக்கறதைத் தின்னும். போகும்போது மூடாமப் போயிடும். மரியாதை தெரியாத ஜென்மம்.”

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

“வாசனை உள்ளது எதுவும் கூடாரத்துக்குள்ள இருக்கக் கூடாது, தம்பி. சாப்பாடு மட்டும் இல்ல. பற்பசை, சோப்பு, எல்லாம் இதுக்குள்ள போட்டுப் பூட்டி, தள்ளி வைக்கணும். வாசனை தட்டுப்பட்டா சொந்தக்காரங்க மாதிரி தேடிட்டு வந்துடும். வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

வைத்திருந்தேன். லின்னியாவின் ஸ்வெட்டர்.

என் மனைவி பிப்ரவரியில் இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. அன்று சமையலறை நாற்காலியின் முதுகில் அவளுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஒரு ஜிப் பையில் போட்டு மூடினேன். அந்த நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

பையின் மூலையை மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும் திறப்பேன். ஆரஞ்சுத் தோல், கம்பளி, அவள் கழுத்து. ஒரு மூச்சு. உடனே மூடிவிடுவேன். ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் தீர்ந்தது. தெரிந்தேதான் திறந்தேன். ஜூனில் கம்பளி வாசனைதான் அதிகம் இருந்தது. அதன் அடியில் எங்கோ அவள்.

இந்தப் பயணம் அவள் போட்ட திட்டம். எங்கள் ஊர் டகோமாவிலிருந்து மழைக்காடு, அங்கிருந்து கடல். காட்டைப் பார்த்துவிட்டு வந்தால்தான் கடல் பெரிதாகத் தெரியும் என்பாள். அவள் சொன்ன வரிசையிலேயே ஓட்டினேன். காட்டில் மேப்பிள் மரங்களிலிருந்து பாசி தாடி தாடியாகத் தொங்கியது. மழை விழவில்லை, காற்றிலேயே நின்றது. வண்டிக்குள் உட்கார்ந்து பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய சாண்ட்விச்சைத் தின்றேன். அழகாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கரையில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட ராட்சத மரங்களைத் தாண்டித்தான் மணலுக்கு இறங்க வேண்டும். கடலுக்குள் பாறைத் தூண்கள் நின்றன. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வயதான தம்பதி, வெண்டெல், ஓப்பல். வெண்டெல் மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“தனியாவா வந்தீங்க?” என்றார் வெண்டெல்.

“அவரைப் போட்டுக் குடையாதீங்க,” என்றாள் ஓப்பல். “உங்க கூட வர்றதுக்கு நானும் தனியாவே வந்திருக்கலாம்.”

“வந்திருந்தா கூடாரத்தை யாரு போடுவா?”

“இப்ப மட்டும் யாரு போட்டா?”

உணவையும் பற்பசையையும் டப்பாவில் போட்டுப் பூட்டி, பாறை இடுக்கில் வைத்தேன். டப்பாவில் இடம் இருந்தது. ஆனால் சூப் பொட்டலத்தின் நெடி ஸ்வெட்டரில் ஏறிவிடும். மிச்சமிருந்ததும் போய்விடும்.

பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

அந்தி மங்குவதற்கு முன்பே கடலிலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் பாறைத் தூண்களைக் காணவில்லை. பிறகு அலைகளைக் காணவில்லை, சத்தம் மட்டும் இருந்தது. ஈரச் சட்டையைக் கழற்றிக் கால்மாட்டில் சுருட்டிப் போட்டேன். பையை ஒரு மூச்சுக்குத் திறந்து மூடினேன்.

வெளியே கூழாங்கற்கள் நகர்ந்தன.

மெதுவாக. நின்று நின்று.

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ரக்கூன் என்று நினைத்துக் கைதட்டினேன். ரக்கூன் ஓடியிருக்கும்.

இது ஓடவில்லை.

என் தலைக்குப் பக்கத்தில் கூடாரத் துணி உள்பக்கமாகப் புடைத்தது. மண்டியிட்ட ஒருவரின் முக உயரம். அது மூச்சை இழுத்தபோது துணி அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டது. விட்டபோது தளர்ந்தது. அழுகிய கடற்பாசியின் நாற்றம் வந்தது. அதற்கடியில் ஆரஞ்சுத் தோல்.

பை மூடியிருந்தது.

“யாரு?”

அந்த மூச்சு பையைத் தாண்டி வந்தது. என் கழுத்துக்கு நேரே நின்றது. அங்கேயே நின்றது.

பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். என்னிடம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. கூடாரத்தின் ஜிப் கடைசி வரை மூடியிருந்தது. உள்ளே, கால்மாட்டில், ஈர மணல். சட்டையைக் காணவில்லை.

தலைமாட்டில் பை இருந்தது. காற்றையெல்லாம் அழுத்தி வெளியேற்றி இறுக்கி மூடிய பை.

உள்ளே ஸ்வெட்டர் இல்லை. என் சட்டை இருந்தது.

கைகளைப் பின்னால் மடித்து, காலர் மேலே தெரிய மடித்திருந்தது. படிக்கும் காலத்தில் துணிக்கடையில் வேலை பார்த்த லின்னியா அப்படித்தான் மடிப்பாள். நான் எதையும் மடிப்பதில்லை.

ஓப்பல் ஒரு கோப்பை காபியோடு வந்தாள். “அழறது தப்பில்ல தம்பி. அழுதுடணும்.”

“நான் அழலையே.”

“ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிட்டே இருந்தீங்க. நாங்க ரெண்டு பேருமே கேட்டோம்.”

கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த வெண்டெல் தலை நிமிரவில்லை. “நான் கேட்டது கூடாரத்துக்கு வெளியில, ஓப்பல்,” என்றார்.

திரும்பும் வழியில் டப்பாவை ஒப்படைத்தேன்.

“ரக்கூன் வந்துச்சா?” என்றார் டெல்லா.

“ஏதோ வந்துச்சு. ஒரு ஸ்வெட்டர் போச்சு.”

“சொன்னேன்ல? ஜிப்பை அப்படியே திறந்து போட்டுட்டுப் போயிருக்குமே.”

“இல்ல மேடம். மூடிட்டுப் போச்சு.”

டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

பையை வீட்டில் அலமாரி இழுப்பறையில் வைத்தேன். நான் அதைத் தொடுவதில்லை. ஆனால் சில காலைகளில் மூலை திறந்திருக்கும். மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும். மறுநாள் இறுக்கமாக மூடியிருக்கும். ஏன் அவ்வளவு சிறிதாகத் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதும் தெரியும்.

இந்த வாரம் பை முழுவதுமாகத் திறந்து கிடந்தது. சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வெறும் பருத்தி. கொஞ்சம் உப்பு. அதில் நான் இல்லை.

அதன்பின் நான் குளிக்கவில்லை.

இன்று மாலை வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி, சமையலறை நாற்காலியின் முதுகில் மாட்டினேன். விளக்கைப் போடவில்லை. பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் நான் மட்டும்தான்.

நாற்காலி தரையில் உரசி நகர்கிறது.