ஆயிரம் என்கிற அப்பா

“தலைவர் ஒப்புதல் இல்லை” என்றது குடும்பப்பேழை, மறுபடியும்.

கோவில்பட்டியில் சங்கரபாண்டி வீட்டு அலமாரியில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் எல்லாம் கிடந்தன. வீட்டுப் பத்திரம், வைத்தியச் சீட்டு, மகள் சுடர்க்கொடியின் பொறியியல் பட்டம். காகிதச் சான்றுகளை அரசு ஒழித்துவிட்டது. வீட்டுக் கணினி எதிலிருந்தும் பேழைக்குள் எட்டிப் பார்க்கலாம்; வெளியே அனுப்பக் குடும்பத் தலைவர் வேண்டும். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள். அவள் பட்டத்துக்கு அவள் சொந்தக்காரி இல்லை.

மாலைக்குள் பட்டம் போய்ச் சேராவிட்டால் புனேவில் அவளுக்குக் கிடைத்த வேலை வேறொருவருக்கு.

“ஒரு தடவ அனுமதி குடுங்கப்பா. போதும்.”

முந்திக்கொண்டான் அண்ணன் பேச்சிமுத்து. “அம்புட்டு தூரம் போயி என்னத்தக் கிழிக்கப் போற? ஏட்டி, படிக்க வச்சதே பெருசு.”

“நீ வச்சியாக்கும்? பத்தாவதுல குப்புற விழுந்தவன் பேசுதான் பாரு!”

அப்பா அனுமதி கொடுக்காமலே மகனோடு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பேழைக்கு முகம் தெரியாது, பெயரும் தெரியாது. வீட்டுக் கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் முதலில் பதியும் ஆளுக்கு ஆயிரம் என்ற எண் விழும், அடுத்தவருக்கு ஆயிரத்தொன்று. கணினி சொல்லும் எண்ணைப் பேழை அப்படியே நம்பும். ஆயிரம்தான் தலைவர். இந்த வீட்டில் எந்தக் கணினி வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்து, அப்பா பெயரைத்தான் முதலில் பதிய வேண்டும். தனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லைத் தட்டுவதோடு சரி, வேறெதையும் அவர் தொட்டதில்லை. பதிந்து கொடுத்த கழுதை சுடர்க்கொடிதான்.

தன் கணினியைத் துடைத்தழித்தாள். லினக்ஸை மறுபடி நிறுவி, தன் பெயரை முதலில் பதிந்தாள். பேழையோடு இணைத்தாள்.

“வணக்கம், தலைவரே” என்றது பேழை.

பட்டம் போனது.

மாலையில் பட்டம் போயிருப்பதைப் பேழையில் பார்த்துப் பேச்சிமுத்து குதித்தான். “யாரு அனுப்புனா?”

“குடும்பத் தலைவர்” என்றது பேழை.

சங்கரபாண்டி மகளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. தான் அனுப்பவில்லை என்று சொல்லலாம். சொன்னால், இந்த வீட்டில் இன்னொருத்தியும் தலைவராகலாம் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மீசையைத் தடவினார்.

“நான்தாம்ல அனுப்புனேன். இப்ப என்ன?”

அவள் நன்றி சொல்லவில்லை. புனேவுக்குக் கிளம்புமுன் அம்மாவின் கணினியையும் துடைத்து, அம்மா வேலம்மாளின் பெயரை முதலில் பதிந்தாள்.

“இனி எவனையும் கெஞ்சாதம்மா.”

அதற்கப்புறம் தான் செய்யாத காரியத்துக்கெல்லாம் சங்கரபாண்டி ‘நான்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீடு வேலம்மாள் பெயருக்கு மாறியபோதும்.