கண்ணாடி அறைக்கு வெளியே

எரிப்பு நாளன்று பள்ளிக்கு யாரும் தாமதமாக வருவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறைதான் டீசலைப் பார்க்க முடியும்.

தெக்லா டீச்சர் கண்ணாடியோடு ஒட்டியிருந்த கையுறைகளுக்குள் கைகளை நுழைத்தாள். கண்ணாடி அறைக்குள் ஒரு சிறிய ஜெனரேட்டர். கயிற்றை இழுத்தாள். அது இருமியது. பிறகு உறுமியது. கறுப்புப் புகை கிளம்பி, மேலே இருந்த உறிஞ்சுகுழாய்க்குள் போய் மறைந்தது. வாசனை வெளியே வரவில்லை. ஒருபோதும் வந்ததில்லை.

“மண்ணுக்கடியில கோடிக்கணக்கான வருசமாக் கெடந்த உயிருங்களோட மிச்சம் இது. இதத் தோண்டி எடுத்து எரிச்சாங்க. வானம் சூடாச்சு. கடல் ஏறுச்சு. பழைய பஜார் தண்ணிக்குள்ள போச்சு.”

ஒரு சிறுமி அழுதாள். ஒவ்வோர் ஆண்டும் யாராவது அழுவார்கள். பிறகு வெயில், காற்று, அலை என்று தெக்லா பலகையில் எழுதினாள். இவை தீராதவை என்றாள். பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்.

அடுத்த வாரம் வந்த புயல் கடந்து போகாமல் தூத்துக்குடிக்கு மேலேயே நின்றுவிட்டது. வானம் கறுத்து மூடியது. காற்று மிஞ்சியதால் காற்றாலைகளின் இறக்கைகளைப் பூட்டினார்கள். அலைப்பொறிகளைக் கரைக்கு இழுத்தார்கள். நகரத்தின் மின்சேமிப்பகத்தில் தண்ணீர் புகுந்தது. தீராத மூன்றும் ஒன்றாக நின்றன.

இன்னாசிக்கு ஆக்சிஜன் தரும் மூச்சுப்பொறி வீட்டு பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. தெக்லாவின் கணவன். நுரையீரல் கெட்டுக் கட்டிலில் விழுந்தவன். முகமூடியைக் கழற்றினால், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதற்குள் உதடு நீலமாகும். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை நீரில் இருந்தது. பேட்டரி விளக்கு மதியம் ஆரஞ்சுக்கு மாறியது.

பக்கத்து வீட்டு கஸ்பார் வந்து விளக்கைப் பார்த்தார். காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்ப்பவர்.

“எவ்ளோ நேரம் தாங்கும்?”

“சாயங்காலம் வரைக்கும் தாங்குமான்னு தெரியல அண்ணாச்சி.”

அவர் பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். அவள் சொன்னாள்.

“ஸ்கூல்ல அது இருக்கு.”

“எது?” என்றவர் புரிந்துகொண்டு கதவைச் சாத்தினார். “புகைக்கண்ணு பாத்துச்சுன்னா தெருவையே அணைச்சுருவான், டீச்சர்.”

தெருவிளக்குக் கம்பம்தோறும் தனி பேட்டரியோடு ஒரு புகைக்கண் இருந்தது. ஒரு வீட்டில் புகைந்தால் அந்தத் தெருவின் மின்பங்கு ஒரு மாதத்துக்குப் போகும். கடற்கரைத் தெருவில் ஒருத்தி கொல்லையில் சுள்ளி பற்றவைத்து வெந்நீர் போட்டாள். அவள் வீட்டுக் கதவில் அக்கம்பக்கத்தார் வீசிய சாணி இன்னும் காய்ந்து கிடக்கிறது.

“வெளிய போனாத்தான பாக்கும்? எல்லாத்தையும் அடைச்சுருவோம்,” என்றாள் தெக்லா.

கஸ்பார் சிரித்தார். “வாத்தியாரம்மாவே திருடப் போறாங்க. பெறகு பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பீங்க?”

கட்டிலிலிருந்து இன்னாசி முகமூடிக்குள் முனகினான். “ஏட்டி, பிள்ளைங்கள இங்கயே கூட்டியா. என்னக் காட்டிப் பாடம் எடு.”

பள்ளி எதிர்ச்சாரியில்தான் இருந்தது. மழையில் யாரும் இல்லை. ஜெனரேட்டரைப் போர்வையில் சுற்றி இருவரும் மாடி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். டீசல் கேனை அவள் மார்போடு அணைத்திருந்தாள். அதன் வாசனை முதல்முறையாக அவள் மூக்கில் ஏறியது. இனிப்பா கசப்பா என்று தெரியவில்லை. பயமாக இருந்தது.

சமையலறையில் வைத்தார்கள். அங்கிருந்து வயர் கட்டில்வரை எட்டியது. ஜன்னல் இடுக்குகளில் ஈரச் சேலைகளைத் திணித்தாள். கதவடியில் சாக்கு. எக்ஸாஸ்ட் விசிறியின் ஓட்டையைக் கஸ்பார் தலையணையால் அடைத்தார். ஒரு இழை புகைகூட வெளியே போகாது என்று இருவரும் இரண்டு முறை சரிபார்த்தார்கள்.

கயிற்றை அவள்தான் இழுத்தாள். அவளுக்குத்தான் பழக்கம். சத்தத்தைப் புயல் விழுங்கியது. பேட்டரி விளக்கு பச்சையானது.

“வெடிச்சுக்கிடிச்சுத் தொலைக்குமா?” என்றார் கஸ்பார்.

“ஸ்கூல்ல வெடிச்சதில்ல.”

“அங்க கண்ணாடி இருந்துச்சு. சரி, நான் இங்கனயே உக்காருதேன். ஒருத்தர் பாத்துக்கிடணும்ல. நீங்க கீழ போயி அந்தக் கண்ணப் பாருங்க. செவந்துச்சுன்னா ஓடியாங்க, அணைச்சுருவோம்.”

தெக்லா வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்தாள். புகைக்கண் பச்சையாகவே இருந்தது. பெருங்காற்றில் கம்பம் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அது சிவந்ததுபோலத் தோன்றியது. சேலை நனைந்து கால்களில் ஒட்டியது. அவள் நகரவில்லை. அது சிவக்கவே இல்லை.

நிம்மதியோடு படியேறினாள். கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. மூச்சுப்பொறி சீராக ஓடியது. இன்னாசியின் கண்கள் பாதி மூடியிருந்தன. அவன் மார்பு ஏறி இறங்கியது.

“அண்ணாச்சி, பச்சையாவே இருக்கு,” என்றாள்.

சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

கஸ்பார் சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை தோளில் விழுந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தாள். தோளைத் தொட்டதும் சரிந்தார். காயம் எதுவும் இல்லை. ஜெனரேட்டர் வெடிக்கவில்லை. அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அப்போதுதான் உள்ளே தேங்கிய புகைக்காற்றைப் பற்றி நினைத்தாள்.

அந்தப் புகை வானத்தை என்ன செய்தது, கடலை என்ன செய்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அடைத்த வீட்டுக்குள் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் எரிப்பவர்கள் இல்லாமல் போய் மூன்று தலைமுறை ஆகியிருந்தது.

சேலைகளைப் பிடுங்கி எறிந்தாள். ஜன்னலைத் திறந்தாள். ஜெனரேட்டரைப் பால்கனிக்கு இழுத்தாள். கஸ்பாரைக் கூடத்துக்கு இழுக்கும்போது கத்தினாள். புகை வெளியே போனது. புயல் அதைக் கம்பத்தை எட்டுமுன்பே கிழித்துக் கரைத்தது. முதலிலேயே பால்கனியில் வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

கஸ்பாரின் மனைவி ரோஸ்லின் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். தரையில் மண்டியிட்டு அவர் மூக்கில் கை வைத்தாள்.

“மூச்சு இருக்கு. டீச்சர், மூச்சு இருக்கு!” கட்டிலைப் பார்த்தாள். “அந்த முகமூடியக் கழட்டுங்க. இவருக்கு வைங்க.”

தெக்லா அசையவில்லை.

“கொஞ்ச நேரம் போதும். உங்களுக்காகத்தான டீச்சர் வந்தாரு.”

இன்னாசி கண்ணைத் திறந்திருந்தான். தரையில் கிடந்தவரைப் பார்த்தான். அவன் கை மெதுவாக எழுந்து முகமூடியின் பட்டையைப் பிடித்தது.

தெக்லா கட்டிலில் ஏறி அந்தக் கையைத் தன் முழங்காலுக்கடியில் அழுத்தினாள். முகமூடியை இரண்டு கைகளாலும் அவன் முகத்தில் அமுக்கிப் பிடித்தாள். பின்னால் ரோஸ்லின் அவள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள். தெக்லா திரும்பவில்லை.