கடுகும் மிளகும்

காலையில் அப்பா பால் காய்ச்சினார். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டார். மகள் வாலுவுக்குத் தலை வாரினார். ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே. சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகுதான் பள்ளி விடுமுறை என்பது நினைவுக்கு வந்தது.

அம்மா இல்லாமல் இது இரண்டாவது மழைக்காலம்.

அப்பா பள்ளி வேன் ஓட்டுபவர். சர்க்கரை நோய் இருப்பதால் வருடத்துக்கு ஒரு முறை கண்ணைச் சோதிக்க வேண்டும். முன்பெல்லாம் அம்மா இழுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போது "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றே காலம் ஓடியது. இன்று வாலு இழுத்துக்கொண்டு போனாள்.

மருத்துவமனையில் ஓர் இருட்டறை. அங்கே ஒரு கேமரா. அது கண்ணுக்குள்ளே படம் எடுக்கும். நோய் அங்கே எதையாவது கெடுத்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் படித்துச் சொல்லிவிடும்.

"தாடையை இங்க வைங்கண்ணா. பச்சைப் புள்ளியைப் பாருங்க," என்றார் படம் எடுக்கும் அக்கா.

பளிச்!

'படம் தெளிவில்லை' என்றது திரை.

"கண்ணு நடுவுல இருக்கற கறுப்பு வட்டம்தான் கேமராவுக்கு ஜன்னல். அது திறக்கவே மாட்டேங்குது. கொஞ்ச நேரம் இருட்டுல உட்காருங்க."

அப்பா மூலையில் உட்கார்ந்தார். மறுபடி பளிச். மறுபடி அதே பதில்.

"இன்னொரு தடவை பார்ப்போம். வரலேன்னா வேற கேமராவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"சரி, அடுத்த வாரம் போறேன்!" அப்பா சட்டென்று எழுந்தார்.

அந்த அடுத்த வாரம் வராது என்று வாலுவுக்குத் தெரியும்.

"வேன் ஓட்டற கண்ணுப்பா. உட்காரு."

அப்பா உட்கார்ந்தார். ஃபோனை எடுத்தார். அதில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அப்பாவின் முகத்தில் விழுந்தது. வாலு எட்டிப் பார்த்தாள். கண்ணின் கறுப்பு வட்டம் கடுகு போல இருந்தது.

"அப்பா! பயமா இருக்கா?"

"சேச்சே."

"அப்ப ஏன் அம்மா போட்டோவையே பாக்கற? வெளிச்சத்தைப் பார்த்தா ஜன்னல் எப்படித் திறக்கும்?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஃபோனா? இவ்வளவு நேரமும் ஃபோனா?"

வாலு ஃபோனை வாங்கி அக்காவிடம் கொடுத்தாள்.

"கரண்ட் போனா அம்மா என்ன பண்ணுவா, சொல்லு."

அப்பா மெல்லச் சொன்னார். "மெழுகுவர்த்தி ஏத்த விடமாட்டா. யாருக்கு எது முதல்ல தெரியுதுன்னு கேட்பா."

அந்த விளையாட்டில் அம்மாதான் எப்போதும் ஜெயிப்பார். பீரோ தெரியுது, ஜன்னல் கம்பி தெரியுது, ஐயோ, உங்கப்பா மூக்கு தெரியுது என்பார். மூவரும் தரையில் உருண்டு சிரிப்பார்கள்.

"எனக்கு நாற்காலி தெரியுது," என்றாள் வாலு.

"எனக்குக் கதவுப் பிடி."

"சுவர்ல ஆணி!"

"உன் பின்னல் தெரியுது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ."

"இப்பத்தான் தெரியுதா?"

அக்காவும் சிரித்துவிட்டார். கேமராத் திரையில் எட்டிப் பார்த்த வாலு, "கடுகு மிளகு ஆயிடுச்சு!" என்று கத்தினாள்.

பளிச்! மறுபடி இருட்டு, மறுபடி விளையாட்டு. அடுத்த கண்ணுக்கும் பளிச்!

திரையில் இரண்டு ஆரஞ்சு நிலாக்கள். உள்ளே சிவப்புக் கிளைகளாக ரத்தக் குழாய்கள்.

'இடது கண்: பாதிப்பு இல்லை. வலது கண்: மருத்துவரைப் பார்க்கவும்.'

"சின்ன ரத்தக் கசிவு. ஆரம்பம்தான், பார்வையைக் காப்பாத்திடலாம். டாக்டர் மாடியில இருக்கார்," என்றார் அக்கா.

"அடுத்த..." என்று தொடங்கிய அப்பா வாலுவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு படி ஏறினார்.

பள்ளி திறந்ததும் வேனில் அப்பாவின் அளப்புதான். "என் பொண்ணு கம்ப்யூட்டரையே மிரட்டிட்டா! ஒழுங்காப் படிக்கிறியா, பிளக்கைப் பிடுங்கட்டுமான்னு கேட்டா!"

பிள்ளைகள் சிரித்ததில் வேனே குலுங்கியது. வாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று கேமரா மின்னுவதற்கு முன், இருட்டில் அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"பயமா இருந்தா ஃபோனைத் தேடாதேப்பா. என் கை இங்க இருக்கு."