புளியமரத்தாண்ட கிணறு

ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் சேற்று நாற்றம் அடித்தது. வெளியே கும்மிடிப்பூண்டி வெயில் இரும்பாலைப் புகையோடு சேர்ந்து மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது; மழை என்று ஒன்றைப் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது; ஆனாலும் ஏசி காற்றில் பாசியின் வாடையும், நாள்பட நீரில் ஊறிய துணியின் வாடையும் நின்று நின்று வந்தன. தரை துடைக்கிறவள் அழுக்குத் தண்ணீரையே தடவிவிட்டுப் போயிருப்பாள் என்று ஸ்நேகா மூக்கைச் சுளித்தாள். இந்த ஊரில் எவருக்கும் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யத் துப்பில்லை என்பது அவளுடைய அசைக்க முடியாத கருத்து.

தொழிற்பேட்டைக்கும் சுற்றுக் கிராமங்களுக்குமான அவசர உதவி மையம் அது. அழைப்பை எடுத்து, இடத்தைக் கேட்டு, வண்டி அனுப்ப வேண்டும். இடம் உறுதியாகாமல் வண்டி நகரக் கூடாது. அந்த விதி ஸ்நேகாவுக்கு ரொம்பப் பிடிக்கும். உயிர் போகிறதென்று கத்துகிறவனுக்குத் தன் தெருப்பெயர் தெரியாது. அவனை லேண்ட்மார்க் கேட்டுத் திணறடிப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. கூட இருந்தவள் சாப்பிடப் போயிருந்தாள்.

போன் அடித்தது.

"அம்மா, என் பொண்டாட்டி கெணத்துல வுழுந்துட்டாம்மா. உசுரு கீது, கத்திக்கினு கீறா. வண்டி அனுப்பும்மா."

"பேரு?"

"கலியன். உள்ள கீறது முத்தம்மா."

"எந்த இடம்?"

"களத்துமேடு. புளியமரத்தாண்ட. கெணத்த மூடறதுக்கு மண்ணு லாரி வந்துக்கினு கீது. உள்ள ஆளு கீதுன்னா எவனும் நம்ப மாட்றான்."

களத்துமேடு என்று தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"மேப்ல அப்படி ஒரு இடமே இல்ல. ஒழுங்கா கேட்டுச் சொல்லுங்க."

துண்டித்தாள். பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று எரிச்சல்பட்டு, பொய் அழைப்பு என்று பதிந்தாள்.

மறுபடி அவனே. இந்த முறை லாரி பின்னோக்கி நகரும்போது அடிக்கும் பீப் சத்தம் கேட்டது. அதற்கும் அடியில், பெரிய பானைக்குள்ளிருந்து வருவது போல, ஒரு பெண்ணின் அலறல்.

"பக்கத்துல கம்பெனி இருக்கா? பெட்ரோல் பங்க்?"

"அதெல்லாம் இங்க இன்னாம்மா கீது? புளியமரந்தான் கீது."

ஸ்நேகாவுக்குச் சிரிப்பு வந்தது. அவனைக் காத்திருப்பில் போட்டுவிட்டு, வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவரை வயர்லெசில் கூப்பிட்டாள். உள்ளூர்க்காரன், இதற்காவது பயன்படட்டும்.

"அன்புராஜ், களத்துமேடு எங்க இருக்கு? ஒரு குடிகாரன் உயிர வாங்கறான்."

வயர்லெஸ் கரகரத்தது.

"நம்ம ஆபீஸ்தான் மேடம் களத்துமேடு. கட்டறதுக்கு மின்ன இங்க ஒரு கெணறு இருந்துச்சின்னு எங்க நைனா சொல்லுவாரு. நீங்க குந்திக்கினு கீறீங்களே, அந்த ரூம்தான். எப்பவோ மூடிட்டாங்க. இன்னாத்துக்கு மேடம்?"

ஸ்நேகா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். அப்போதும் அந்த அலறல் கேட்டது. ஹெட்செட்டிலிருந்து வரவில்லை அது. காலுக்கடியில் இருந்து வந்தது.

தரை ஈரமாக இருந்தது. எழுந்து ஓடினாள். கதவின் கைப்பிடி திரும்பவில்லை. கைப்பிடியெல்லாம் பாசி.

போன் தானாகவே பேசியது. "அம்மா, அனுப்பிட்டியா?"

"அனுப்பறேன்! இப்பவே அனுப்பறேங்க!"

ஓடி வந்து தன் அலுவலக முகவரியையே அடித்தாள். 'தவறான இடம்' என்றது திரை. மறுபடி அடித்தாள். தவறான இடம். மறுபடி.

விளக்கு அணைந்தது.

தண்ணீர். முழங்கால். இடுப்பு. மார்பு. மேசை இல்லை. சுவர் இருந்த இடத்தில் கல். வழுக்கும் கல். நகம் பிய்ந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

வெகு உயரத்தில் வட்டமாக வானம். விளிம்பில் புளியங்கிளை. அதன் கீழே காதில் போனை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் குனிந்து நின்றார்.

"நா இங்க கீறேன்!" என்று கத்தினாள். அது அவள் குரலாக இல்லை.

அவர் போனிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கிணற்றுக்குள் தெளிவாக இறங்கியது. அலுத்துப்போன, பதவிசான குரல். அதுதான் அவள் குரல்.

"ஒழுங்கா கேட்டுச் சொல்லுங்க."

கிழவர் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மேப்புல இல்லியாம், முத்தம்மா."

அவர் முதுகுக்குப் பின்னால் லாரியின் தொட்டி மெல்ல உயர்ந்து, வானத்தை மூடியது.