ஆச்சரியக்குறி போட்ட ஃபைல்

காலை 9.40. எண்கள் ஒத்துப்போகவில்லை.

பழைய வீடியோ கேம்களைச் சேமிக்கும் காப்பகத்தின் பொறுப்பாளர் மூன்றாவது முறையாகச் சரிபார்த்தாள்.

அங்கே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். அவள் திறந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் [!] என்ற குறி இருந்தது. சரிபார்த்தாயிற்று, நம்பலாம் என்று அர்த்தம். ஆனால் திங்கட்கிழமை பதிவேட்டில் ஏறிய எண் வேறு. இன்று, வியாழக்கிழமை, திரையில் வந்த எண் வேறு.

முப்பது வருடங்களுக்கு முன் ஒருவர் எழுதி, கடைக்கே வராமல் போன ஆட்டம் அது. ஆட்டம் பதிவாகியிருந்த ஒரே சிப்பும் திங்கட்கிழமையோடு செத்துவிட்டது. பேக்கப்பிலும் இதே மாறிய ஃபைல்தான். எழுதியவர் மாலை நான்கு மணிக்கு வருகிறார். நாளை அவருக்குக் கண் ஆபரேஷன். பார்வை மிஞ்சுமா என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை. அதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மூன்று மணி வரை பொறுப்பேன், பிறகு போலீஸ்தான் என்றார் இயக்குநர். சிப்பும் பதிவேடும் இருந்த அலமாரிச் சாவி அவளிடம்தான் இருந்தது, சந்தேகம் முதலில் அவள்மேல்தான் விழும். அவள் அக்காவுக்கு போன் செய்தாள்.

10.50. அக்கா வந்தாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருடமாகச் சீட்டையும் டப்பாவையும் ஒத்துப் பார்ப்பவள். கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது. லேபிளை மட்டும் லேசில் நம்பமாட்டாள்.

முதலில் ஃபோல்டரைக் காட்டச் சொன்னாள். [!] ஒன்று. அதன் கீழே பி-1, பி-2, பி-3, பி-4. பி என்றால் பழுது என்று தங்கை விளக்கினாள். சிப்பைப் படிக்கும்போது தவறாக வந்தவை. பெயருக்காக வைத்திருப்பார்கள், யாரும் திறப்பதில்லை.

11.30. சிப் படித்த மெக்கானிக் எரிச்சலோடு வந்து உட்கார்ந்தார். திங்கட்கிழமை நான்கு தடவை படித்ததாகவும், மூன்று வீணாகி நான்காவது சுத்தமாக வந்ததாகவும், அதற்குமேல் சிப்பில் உயிர் இல்லை என்றும் சொன்னார். பதிவேடும் அதையே சொன்னது.

12.10. பட்டியல் போடும் இளைஞன் வந்தான். ஒரு காற்புள்ளி தவறினாலும் சாப்பாடு இறங்காது என்பதால் அவனுக்கு அங்கே ‘கமா’ என்று பெயர்.

"திங்கட்கிழமை பேர் வெச்சதோட சரி. அதுக்கப்புறம் அந்த ஃபோல்டரையே திறக்கல," என்றான்.

"அப்போ எல்லாம் ஒழுங்கா இருந்துச்சா?"

"அஞ்சு ஃபைலும் ஒழுங்காத்தான் இருந்துச்சு."

அக்கா அவனுக்கு நன்றி சொல்லி அனுப்பினாள். பிறகு திரையில் இருந்த பெயர்களை விரல் வைத்து எண்ணினாள்.

"பி-4 நம்பர் எடு," என்றாள் அக்கா.

தங்கை எடுத்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். திங்கட்கிழமை எழுதிய அதே எண். தொலைந்துபோன அசல் பழுதுகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது.

1.40. தங்கை, மெக்கானிக், கமா மூவரையும் இயக்குநர் தன் அறையில் கூட்டினார். வாசலோரம் நின்ற கமாவின் பக்கம் திரும்பினாள் அக்கா.

"நீதான் தம்பி மாத்தினே. நாலு தடவை படிச்சா நாலு ஃபைல்தான் வரும். திங்கட்கிழமை இருந்ததும் நாலுதான். அப்புறம் திறக்கவே இல்லைன்னே. அஞ்சாவது இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் மறுக்கவில்லை.

இரண்டு ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மெக்கானிக் ஒப்பிட்டார். ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கடைசித் திரையில் மட்டும், எழுதியவர் பெயருக்குக் கீழே, இன்னொரு பெயர் சேர்ந்திருந்தது.

"எங்க அப்பா பேரு," என்றான் கமா. பாதி ஆட்டத்தை எழுதியவர் அவர்தானாம். தன் பெயர் வரும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாராம். பெயரைச் சேர்த்த பிறகு அசலை அழிக்கக் கை வரவில்லை. யாரும் திறக்காத பெயரை வைத்து ஒளித்தான்.

இயக்குநர் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவன் போகவில்லை, நான்கு மணி வரை வராந்தாவில் நின்றான்.

4.05. தடித்த கண்ணாடி போட்ட முதியவர் திரைக்கு முன் அமர்ந்தார். அசல் ஃபைல் தயாராக இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் கமா உள்ளே வந்து, செய்ததை மறைக்காமல் சொன்னான். தந்தையின் பெயரையும் சொன்னான்.

முதியவர் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேரு முதல்ல இருந்துச்சு," என்றார். "கடைசி வாரம் சண்டை. எடுத்தது நான்தான்."

தங்கை பொத்தானில் வைத்த விரலை அழுத்தவில்லை.

"அப்பா இருக்காரா?"

"இருக்கார்."

"வீடு தூரமா?"

"அரை மணி நேரம் ஆகும்."

முதியவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அவன் தோளில் கை வைத்துப் படியிறங்கினார்.