அனுமதி மறுக்கப்பட்டது

ஒரு வருடமாகச் செத்துக் கிடந்த பெட்டி கையைச் சுட்டது.

பொற்கொடி ஏணியில் நின்றபடி விரல்களை உதறிக்கொண்டாள். ஹாஸ்டலின் இரண்டாம் மாடி வராந்தாக் கோடியில், கூரைப் பலகைகளுக்குக் கீழே மாட்டியிருந்த வைஃபை பெட்டி அது. விளக்கு எரியவில்லை. இந்த வைஃபையைப் பராமரிக்கும் அவளுடைய புதுக்கோட்டை ஆபீசிலிருந்து எத்தனை முறை கணினியில் தட்டிப் பார்த்தாலும் பதில் கிடையாது. போன பொங்கலிலிருந்து இதே கதைதான். ஆனால் தொட்டால் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதைப் போலச் சுடுகிறது.

அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி பயமில்லை, எரிச்சல். அன்னவாசல் ரோட்டிலிருக்கும் இந்த நர்சிங் காலேஜ் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று இருந்தவள் அவள். ஆபீசில் வேறு ஆள் இல்லை, திங்கட்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள் என்று பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

தங்கச்சி செவந்தி இங்கேதான் இரண்டாம் வருடம் படித்தாள். போன வருடம் போகிக்கு ஊருக்குக் கிளம்புகிறேன் என்றவள் வரவே இல்லை. வார்டனுக்கு ஃபோன் போட்டால், "எல்லாப் புள்ளைகளும் மத்தியானமே போயாச்சு, ஒங்க புள்ள எவன்கூடவோ ஓடிப்போயிருச்சு போல" என்று பதில் வந்தது. ஓடிப்போயிருச்சு. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. போலீசுக்குப் போனால் மானம் போய்விடும் என்று வல்லத்திராக்கோட்டை வீட்டில் யாரும் வாசலைத் தாண்டவில்லை. எவன், எந்த ஊர் என்றுகூட யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா கண்மாயில் தலைமுழுகிவிட்டு வந்தார். பொற்கொடிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீடு அதே வாரம் கையை விரித்தது. பாவி, தான் போனதோடு இல்லாமல் என்னையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போனாள் என்று பொற்கொடி இந்த ஒரு வருடமும் வெந்துகொண்டிருக்கிறாள்.

மத்தியானம் மூன்று மணி. பிள்ளைகள் இல்லாத கட்டடத்தில் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்க, பினாயில் வாடையும் பூட்டிக் கிடந்த மெத்தைகளின் புழுக்கமும் வராந்தா முழுக்க அடைந்திருந்தது. எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கேபிளைத் தேட அவள் ஒரு கூரைப் பலகையைத் தள்ளியபோது மேலே இருட்டும் தூசியும்தான் தெரிந்தன. பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குப் புதுச் சிமெண்ட் பூச்சு. மற்ற இடம் மஞ்சள், அந்த இடம் மட்டும் சாம்பல்.

"பெட்டி மாட்ட வந்தப்ப இங்கிட்டு ஒரு கதவு இருந்துச்சே மேடம்?"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வார்டன் பிரகதாம்பாள் கொட்டாவி விட்டார். "அது பைப்பு போற ரூமும்மா. புள்ளைக உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டு ஃபோன் பேசுதுக. போன பொங்க லீவுக்குப் பூட்டச் சொல்லிட்டேன். பொறவு உள்ள எலி செத்து ஒரே நாத்தம். யாரு தொறந்து அள்ளுறது? செங்கல வச்சுப் பூசச் சொல்லிட்டாங்க. சீக்கிரம் முடிங்க, நான் கீழ இருக்கேன்."

அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கிப் போய் அடங்கியது.

பொற்கொடி லேப்டாப்பை ஏணியின் மேல்தட்டில் வைத்தாள். வலை வழியாகப் பேசாத பெட்டியைப் பேச வைக்க ஒரே வழி, அதன் விலாவிலிருக்கும் கன்சோல் துளை. நீல ஒயரைச் செருகி என்டரைத் தட்டினாள். திரையில் குப்பை குப்பையாக எழுத்துகள் ஓடின. வேகம் பொருந்தவில்லை. மாற்றினாள். எழுத்துகள் தெளிந்தன.

நினைவகம் நிரம்பிவிட்டது. பதிவுகளை அழிக்கவா?

அழித்தால் பெட்டி பிழைத்துக்கொள்ளும், அவளும் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனாலும் எந்தக் கழிசடை இதை இப்படி நிரப்பியது என்று பார்க்கும் ஆத்திரத்தில் பதிவைத் திறந்தாள்.

ஒரே வரி. திரும்பத் திரும்ப ஒரே வரி. கருவி: கழுதக்குட்டி. அனுமதி மறுக்கப்பட்டது.

ஏணி லேசாக ஆடியது. முதல் சம்பளத்தில் செவந்திக்கு ஃபோன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் கத்தக் கத்த, பொற்கொடியே அதற்கு வைத்த பெயர் அது. மறுத்தவளும் அவளேதான். போகியன்று இரவு ஏழு நாற்பதுக்கு, ஆபீசில் உட்கார்ந்தபடி, அம்மா அழுத அழுகை காதில் இருக்க, "இனி ஒனக்கு இங்க ஒண்ணுமில்லடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஃபோனைத் தடைப்பட்டியலில் சேர்த்தாள். ஓடிப்போனவளுக்கு அது தெரியக்கூடப் போவதில்லை என்று நினைத்திருந்தாள்.

செவந்தி ஃபோனுக்கு ரீசார்ஜ் கிடையாது, ஹாஸ்டல் வைஃபைதான் கதி. அதுவும் இரவு எட்டு முதல் ஒன்பது வரைதான்.

பதிவு எட்டு மணிக்குத் தொடங்கியது. சில நொடிக்கு ஒரு முறை. ஒன்பதுக்கு நின்றது. மறுநாள், பொங்கலன்று, எட்டு மணிக்கு மறுபடி. அதற்கும் மறுநாள், மாட்டுப்பொங்கலன்றும். சார்ஜ் தீராமலிருக்க இடையில் ஃபோனை அணைத்து வைத்து, இருட்டில், எட்டு மணிக்காக ஒருத்தி காத்திருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் எட்டு ஐம்பத்திரண்டோடு பெட்டியே மூச்சை விட்டுவிட்டது.

சிக்னல் அளவைப் பார்த்தாள். மைனஸ் நாற்பத்தொன்று. எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க ஃபோன் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மூன்று நாளும் அதே நாற்பத்தொன்று. நகரவே இல்லை. ஏழெட்டு அடி தூரம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்.

மெதுவாகத் திரும்பிச் சாம்பல் பூச்சைப் பார்த்தாள். எலியாம். எலி.

"அடிப்பாவிகளா!" என்று கத்தினாள். பிரகதாம்பாளைக் குரல்வளையில் மிதிக்க வேண்டும் போலிருந்தது. தலைமுழுகிய அப்பாவை, கையை விரித்தவர்களை, எல்லோரையும். அவர்களுக்கெல்லாம் முன்னால், ஏழு நாற்பதுக்கு விசையைத் தட்டிய அந்த விரலை.

திரையில் ஒரு புது வரி விழுந்தது.

கழுதக்குட்டி. அனுமதி மறுக்கப்பட்டது. இன்றைய தேதி. மூன்று இருபத்தாறு.

குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

இன்னொரு வரி. இன்னொன்று. மைனஸ் நாற்பத்தொன்று.

ஓடிவிடலாம். படி பத்தடியில் இருந்தது. ஆனால் ஒருமுறை அவளை வெளியே தள்ளிச் சாத்தியாகிவிட்டது. இன்னொரு முறை முடியாது. தடைப்பட்டியலைத் திறந்து, அந்தப் பெயரை நீக்கினாள்.

அனுமதிக்கப்பட்டது.

சுடிதார்ப் பையில் அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. எடுத்தாள்.

அக்கா பைப் ரூம்ல மாட்டிக்கிட்டேன். யாரோ பூட்டிட்டாங்க. வார்டன்ட்ட சொல்லு.

அக்கா மெசேஜ் போகவே மாட்டேங்குது.

அக்கா எம்மேல கோவமா?

அக்கா தண்ணி.

அக்கா.

எல்லாம் போன வருடத் தேதி. கண்ணீர் வழிய, "செவந்தி, செவந்திம்மா" என்று முனகிக்கொண்டே கீழே இறக்கினாள். கடைசியாக ஒன்று. அதில் இன்றைய தேதி.

தொறந்துட்டியா. வாரேன்.

திரையில் எண் மாறியது. நாற்பத்தொன்று முப்பத்தாறானது. முப்பதானது. சுவருக்கு உள்ளே ஏதோ உரசியது. கீழே இல்லை. மேலே ஏறுகிறது. சுரண்டிச் சுரண்டி ஏறுகிறது.

இருபத்தைந்து.

கூரைப் பலகைகளுக்கு மேல் ஊர்கிறது. ஒவ்வொரு பலகையாக அமுங்குகிறது.

இருபது.

அவள் கையிலிருந்த ஃபோனின் அளவும் அதே திரையில் இருந்தது. மைனஸ் முப்பது. மற்றது பதினாறு.

அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழ இடம்தான்.

கீபோர்டின் மேல் சிமெண்ட் தூள் உதிர்ந்தது.

நிமிர்ந்தாள். தள்ளிய பலகையின் இருட்டிலிருந்து ஒரு கை இறங்கியது. காய்ந்து, சாம்பல் அப்பி, விரல் நுனிகள் எலும்புவரை தேய்ந்த கை. அது அவள் முகத்துக்கு நேரே வந்து, வெளிச்சம் எரியும் ஃபோன் ஒன்றை, அவள் வாங்கிக்கொள்வதற்காக நீட்டிக்கொண்டிருந்தது.